கையைக் கட்டுவது வேறு, வயிற்றைக் கட்டுவது வேறு

நேற்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. ‘வசதி இல்லாதவனுக்குத்தான் மூளை வேலை செய்யும்’ என்று சூரிய உதயப் படத்தோடு. அனுப்பியது சித்தப்பா, அதனால் அங்கே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இங்கே பேசுகிறேன்.

அதில் பாதி உண்மை, கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தாத்தா பனையேறி. திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். பதநீர் இருக்கிறதே, அது இறக்கும்வரைகூடக் காத்திருக்காது, பாளையிலிருந்து கலயத்தில் சொட்டச் சொட்டவே புளிக்கப் பார்க்கும். ஐஸ் கிடையாது, அந்தக் காலத்தில் பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குக் கரண்டும் கிடையாது. இருந்தது சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் அந்தக் காரத்தில் நொதிக்கிற கிருமி தலைதூக்காது, அவ்வளவுதான், முடிந்தது கதை. ஆனால் எவ்வளவு தடவுவது? கூடினால் வாயில் வைக்க முடியாது, குறைந்தால் கள்ளு. கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை, ஆக விரல் தப்பினால் போலீஸ் வரும்! தாத்தா கலயத்துக்குள் கையை விட்டு ஒரே சுழற்று சுழற்றுவார், பார்க்கக்கூட மாட்டார், பேச்சு எங்களோடு இருக்கும்.

இறக்கிக்கொண்டு வரச் சுரைக்குடுவை, கனமே இருக்காது. குடிக்க ஓலையை மடித்து முனையைக் கட்டினால் பட்டை. ஆச்சி காய்ச்சிய பாகை ஊற்ற அச்சு எங்கே போவது, தேங்காய்ச் சிரட்டைதான், இன்றைக்கும் கருப்பட்டிக்கு அந்த வடிவம்தான்.

சரி, இதெல்லாம் வறுமை கொடுத்த மூளையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தோடு கிடந்தவர்களுக்கு அதன் போக்கு தெரிந்திருந்தது, அதனால் கையில் இருந்த நாலு சாமானை வைத்து வழி கண்டார்கள். அதே காசில்லாமைதான் தாத்தாவின் மூன்று பையன்களையும் பம்பாய்க்கு மளிகைக்கடை வேலைக்கு ரயிலேற்றியது. அவர்களில் ஒருவருக்கும் பனை ஏறத் தெரியாது. அந்த ஃபார்வர்டு அனுப்பிய சித்தப்பா உட்பட.

இன்னொன்று. பணகுடிப் பக்கத்து ஆட்களுக்கு மகேந்திரகிரியில் இருக்கிற இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கூடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களை எரிக்கிற ராக்கெட் எஞ்சின். அதன் தொழில்நுட்பம் தருவதாக 1991இல் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம், அமெரிக்கா நெருக்கியதும் 1993இல் ரஷ்யா பின்வாங்கி, செய்துமுடித்த எஞ்சின்களை மட்டும் தருகிறோம் என்றது. செய்முறை கிடையாது. அப்புறம்தான் நாமே செய்ய உட்கார்ந்தோம். மைனஸ் 253 டிகிரியில் இருக்கிற திரவ ஹைட்ரஜனைக் கட்டி மேய்க்கிற வேலை அது. மகேந்திரகிரியில் எரித்து எரித்துப் பார்த்தார்கள். 2010 ஏப்ரலில் முதல்முறை பறக்கவிட்டது தோற்றது. 2014 ஜனவரி 5இல் நம் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் ஜெயித்தது. ரஷ்யா கைவிட்டதிலிருந்து இருபது வருஷம்!

இதைத்தான் மேடைக்கு மேடை ‘தடையே படிக்கல்’ என்று பேசுகிறார்கள். அந்த இருபது வருஷமும் சம்பளம் வந்தது, சோதனைக்கூடம் இருந்தது, 2010இல் தோற்றபோது யாரும் கடையை இழுத்துப் பூட்டவில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். கையைக் கட்டினார்கள், வயிற்றைக் கட்டவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு பேர் டீமை மூன்றாக்கிவிட்டு, ‘குறைவாக இருந்தால்தான் புதுசு புதுசாகத் தோன்றும்’ என்றார் மேனேஜர். எங்களுக்குத் தோன்றிய ஒரே புதுசு, வேறு வேலை தேடுவது. அவர் ‘இந்த ஸ்க்ரீனில் ஒரே ஒரு பட்டன்தான் வைக்க வேண்டும், மூன்று மாசம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் நிஜமாகவே ஏதாவது செய்திருப்போம். கட்டுப்பாடு என்றால் அது. அவர் செய்தது வெறும் மிச்சம் பிடிக்கிற வேலை, பேர் மட்டும் பெரிய பேர்.

போன சித்திரையில் ஊருக்குப் போனபோது நாகர்கோவில் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பதநீர் கேட்டேன். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றப் போனார். பட்டை இல்லையா என்றேன்.

“ஓலை வெட்டித்தர ஆளில்லை அண்ணாச்சி. மடிக்கத் தெரிந்தது எங்க அம்மாவுக்கு மட்டும்தான், அவளுக்கு இப்போ கை நடுங்குது.”