‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று எழுதின ரெண்டு கதவும் என் அப்பாவும்

போன மாசம் ஓய்வூதிய அலுவல் ஒன்றுக்காக அப்பாவை மட்டக்களப்பு டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாரிசவாதம் வந்து ரெண்டு வருசம். கம்பு பிடித்து நடப்பார், ஆனால் வலக்கை இன்னும் சரியில்லை. சாரத்தை அவிழ்த்துக் கட்ட ஒரு ஆள் வேணும். வரிசையில் நிற்கும்போது மெல்லச் சொன்னார்: “புள்ள, ஒண்ணுக்குப் போகணும்.”

அங்கே மலசலகூடக் கதவு ரெண்டு. பெண்கள் பக்கம் அவரைக் கூட்டிப் போக ஏலாது. ஆண்கள் பக்கம் நான் நுழைய ஏலாது, உள்ளே ஆட்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாசலில் ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு தம்பிதான், “வாங்க ஐயா, நான் புடிச்சிக்கிறன்” என்று உள்ளே கூட்டிப் போனார். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். ஆனால் முப்பது வருசத்துக்கு மேல் படிப்பித்த மனுசன் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைச் சிநேகிதி ஒருத்தியிடம் சொல்லி, ஆண் பெண் என்று பிரிக்காத ஒரு அறையாவது எல்லா இடத்திலும் வேணும் என்றேன். “அதுக்காக ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே கக்கூசுக்கா? எங்கட பண்பாடு என்ன ஆகிறது?” என்று கேட்டாள்.

நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் பழைய வீட்டில், கிணற்றடிக்குப் பின்னால் ஒரே ஒரு கக்கூஸ். அப்பம்மா, சித்தப்பாமார், மச்சான்மார், விருந்தாளிகள் எல்லாரும் அதற்குத்தான் போனோம். கக்கூஸ் என்ற சொல்லே எங்களுடையது இல்லை, ஒல்லாந்தருடையது. 1638இல் போர்த்துக்கீசரிடம் இருந்து எங்கள் கோட்டையைப் பிடித்த அதே ஆட்கள். உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறோமே, அந்தப் பெட்டியில் இருக்கிறதும் எல்லாருக்கும் பொதுவானதுதான். அங்கே நாற்றத்தைப் பற்றித்தான் பேச்சு வரும், பண்பாட்டைப் பற்றி வராது.

காட்டுக்குப் போன காலத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் போனது உண்மைதான். ஆனால் வேலைத்தலங்களில் பெண்களுக்குத் தனியாகக் கட்டவேண்டும் என்று சட்டம் போட்டதில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் முன்னோடி, 1887இல். பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அவர்கள் பலவீனமானவர்கள், ஆண்களின் கண்ணில் படாமல் காக்கவேண்டியவர்கள் என்ற எண்ணமும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. அதே சமயம் அந்தப் பெண்களுக்கு அது பிரயோசனமாகவும் இருந்தது. அதற்கு முன்னால் பல நகரங்களில் பெண்களுக்கென்று பொது இடத்தில் ஒன்றுமே இல்லை. வெளியே போகிற நாளில் அடக்கிக்கொண்டு இருந்தார்கள், இல்லாவிட்டால் போகவே இல்லை. நாங்கள் இப்பவும் கொழும்பு பஸ் ஏறுகிற நாளில் பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறோமே, அதேதான். கண்டக்டர் “அஞ்சு நிமிசம்” என்று கத்துவார், ஆம்பிளைகள் இறங்கி இருட்டுக்குள் போய் வந்துவிடுவார்கள். அம்மா சீட்டிலேயே இருப்பார்.

போர்டுகளைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சுனாமிக்குப் பிறகு பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில் நாங்கள் இருந்தோம். அங்கேயும் ரெண்டு போர்டு இருந்தது. தகர மறைப்பு, பக்கத்துப் பக்கத்தில், கொண்டி இல்லை, லைட் இல்லை. ராத்திரியில் மூன்று பேராகத்தான் போவோம்: ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவைப் பிடிக்க, ஒருத்தி டோர்ச் அடிக்க. ‘பெண்கள்’ என்ற எழுத்து எங்களை எதிலிருந்தும் காக்கவில்லை. கொண்டி இருந்திருந்தால் காத்திருக்கும். இன்றைக்கு அனர்த்த நிவாரண வேலையில் பின்பற்றுகிற ஸ்பியர் கைநூல் 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்கிறது, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிறது. அந்த மூன்றுக்கு ஒன்று கணக்கை எங்கள் ஊர்க் கட்டடம் எதிலாவது கண்டிருக்கிறீர்களா? சமமாக இடம் ஒதுக்கினோம் என்பார்கள். அந்தச் சம இடத்துக்குள் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு போகிற இடங்களும் சேர்ந்து கூடப்பேர் போகலாம், எங்களுக்கு எண்ணி ரெண்டு கதவு. ஆடி அமாவாசைக்கு எங்கள் மாமாங்கம் கோயிலில் எந்த வரிசை நீளம் என்று போய்ப் பாருங்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் இதைக் கணக்குப் போட்டார்கள். கூட்டம் கூடுகிற இடத்தில் பெண்கள் ஆறு நிமிசத்துக்கு மேல் காத்து நிற்க, ஆண்களுக்குச் சில வினாடிதான். கதவுள்ள அறைகளைப் பொதுவாக்கினால் பெண்களின் காத்திருப்பு ஒன்றரை நிமிசத்துக்குக் கீழே இறங்குகிறது.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. நிலத்தில் இருந்து முகடு வரை சுவர். உள்ளே ஒழுங்கான கொண்டி, கைப்பையையோ ஹபாயாவையோ கொளுவ ஒரு ஆணி, மூடி உள்ள குப்பை வாளி, கைகழுவும் பேசின், கண்ணாடி. காத்தான்குடிச் சிநேகிதி சொன்ன பிறகுதான் கண்ணாடி என் மண்டையில் ஏறியது: தலையை மூடுகிற முந்தானையைச் சரிசெய்யிற இடம் பொது இடமாக இருந்தால் அவளுக்கு அந்த அறையே பிரயோசனமில்லை. கதவு இருட்டு நடைக்குள் திறக்காமல், ஆள் நடமாட்டமுள்ள விறாந்தையில் திறக்கவேண்டும். இப்படி ஒரு அறைக்கு என்ன போர்டு வேணும்? மகளோடு வருகிற தகப்பனும் போகலாம், அம்மாவைத் தாங்கிக்கொண்டு வருகிற மகனும் போகலாம். 2016இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை போட்டு, பாலின மாற்றத்தை ஏற்கும் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தும் ரெண்டு வாசலிலும் முறைப்பு வாங்குகிறவர்களும் போகலாம். ஆண்கள் நின்றுகொண்டு போகிற இடம் தனியாக இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை.

“ஆம்பிளைகள் போன பிறகு அதுக்குள்ள கால் வைக்க ஏலாது” என்றாள் பண்பாட்டைப் பற்றிக் கேட்ட அந்தச் சிநேகிதி. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கழுவுகிறவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள் என்பதைத் தவிர.

அடுத்த செவ்வாய் அப்பாவுக்குக் கிளினிக். இப்போதெல்லாம் வெளியே போகிற நாளில் அவர் விடியத் தேத்தண்ணி குடிப்பதில்லை. கேட்டால் பசியில்லை என்கிறார்.