ஜாக்கிய எங்கய்யா வைக்கிறது?

சிங்கப்பூர்ல பிக்கப் ஓட்டுறவங்க எல்லாரும் ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க. உங்க வண்டிக்கு ஜாக்கி எங்க வைக்கணும்? முன்னாடி ரெண்டு இடம், பின்னாடி ரெண்டு இடம், குனிஞ்சு கைய வச்சு காட்டுங்க பாப்போம். எங்க கம்பெனியில கேட்டா ஆளுக்கு ஒரு இடத்த காட்டுறாங்க, ஒருத்தர் சைடு ஸ்டெப்புக்கு கீழங்கறாரு, இன்னொரு அண்ணன் பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற டிஃப்ரன்ஷியல் உருண்டைய காட்டி அதான் ஸ்ட்ராங்கு, ஊர்ல லாரிக்கே அங்கதான் போடுவோம்ங்கறாரு, புதுசா லைசென்ஸ் எடுத்த தம்பி ஜாக்கி வண்டியில எங்க இருக்குன்னே தெரியாதுண்ணேன்னு சிரிக்கிறான். இவங்கள சொல்லி என்ன செய்ய? வண்டியில எங்கயும் குறிச்சு வைக்கல. எனக்கு கடுப்பே அதுதான்.

வெளியில எழுதுறதுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல. கதவுல கம்பெனி பேரு, வெறும் வண்டி எடை இவ்ளோ, லோடோட அதிகபட்சம் இவ்ளோ, எத்தன பேரு ஏறலாம், பின்னாடி ஸ்பீடு ஸ்டிக்கர் வேற. அதுல ஒண்ணு அழிஞ்சிருந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன்ல வண்டி திரும்பி வந்துரும்னு பாஸ் பதறுவாரு. வருஷத்துக்கு ஒருக்கா இன்ஸ்பெக்‌ஷன், வண்டிக்கு பத்து வருஷம் தாண்டிட்டா ஆறு மாசத்துக்கு ஒருக்கா. இவ்ளோ பாக்கறாங்கல்ல, வண்டிய தூக்குற இடத்துல ஒரு அம்புக்குறி இருக்கணும்னு எவனுக்காவது தோணுச்சா? வண்டிக்கு அடியில இருக்கற சேசிஸ செய்யும்போதே ஃபேக்டரியில ஒரு அச்சு குத்தி விட்டா முடிஞ்சுது, காசா பணமா.

சின்ன கார்ல இந்த தொல்லை இல்ல. கதவுக்கு அடியில தகடு மடிச்ச ஓரம் ஒண்ணு நீட்டா ஓடும், சக்கரத்துக்கு பக்கத்துல அதுல ரெண்டு சின்ன வெட்டு இருக்கும், நடுவுல ஜாக்கி. கண்ண மூடிக்கிட்டு கையால தடவுனாலே மாட்டும். அதே பழக்கத்துல பிக்கப்புக்கு வந்து கதவுக்கு அடியில ஜாக்கிய குடுத்தா வண்டி மேல போகாது, தகடுதான் உள்ள போகும். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ட்ரைட்டன் எல்லாமே ஏணி மாதிரி ஒரு சேசிஸ் மேல கேபின தனியா ரப்பர் வச்சு உக்கார வச்சது, வெயிட்ட தாங்குறது கீழ இருக்கற அந்த ரெண்டு நீள இரும்புதான், கேபின் சும்மா மேல உக்காந்திருக்கு. சைடு ஸ்டெப்பு அதவிட மோசம், அது காலு வச்சு ஏறத்தான். இந்த அடிப்படைய ஓட்டக் குடுக்கும்போது ஒருத்தரும் சொல்றதில்ல, சாவியும் பெட்ரோல் கார்டும் குடுத்து அனுப்பிடுறாங்க.

மேனுவல பாருய்யான்னு ஒரு கூட்டம் வரும். பாத்தாச்சு. செகண்ட் ஹேண்டுல வாங்குன கம்பெனி வண்டியில மேனுவல் இருந்தா அதுவே அதிசயம், எங்க டேஷ்போர்டு பெட்டியில பழைய டெலிவரி ஆர்டரும் ஈரமான கிளவுசும்தான் இருந்துச்சு. நெட்ல தேடி எடுத்தா வண்டியோட அடிப்பக்கம்னு ஒரு கோட்டுப் படம், அதுல ஒரு அம்பு. அந்த அம்பு சேசிஸ காட்டுதா, அதுக்கு பக்கத்துல போற பைப்ப காட்டுதா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதுவும் வண்டியோட வந்த ஜாக்கிக்கு, ரோட்டுல டயர் மாத்துறதுக்கு மட்டும். சக்கரம் வச்ச ட்ராலி ஜாக்கி போட்டா எங்க, தூக்கின வண்டிய தாங்கி நிறுத்துற ஸ்டாண்ட எங்க வைக்கிறதுன்னு தேடுனா வொர்க்‌ஷாப்புக்கு கொண்டு போங்கன்னு ஒரு வரி. வொர்க்‌ஷாப்புக்கு போக பாஸ் விட்டாத்தானே சாமி! பிரேக் பேட் நீயே மாத்திருன்னு சொல்றவருக்கிட்ட அந்த வரிய படிச்சு காட்டுனா என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியும்.

சரின்னு யூடியூப்ல போனா எல்லாம் அமெரிக்காக்காரன் வண்டி. நம்ம ஊரு ரோட்டுல ஒண்ணுகூட பாக்க முடியாத சைஸ்ல ஒரு பிக்கப்ப பெரிய கராஜ்ல நிறுத்தி, ஆளு உயரத்துக்கு ஒரு ஜாக்கிய வச்சு சிம்பிள்னு சொல்லிட்டு போறான். நம்ம வண்டி தாய்லாந்துல செஞ்சது, கீழ இருக்கற அமைப்பே வேற. ஒருத்தன் முன் சக்கரத்த தாங்குற லோயர் ஆர்ம்ல வைன்னு சொல்றான், அடுத்த வீடியோல இன்னொருத்தன் ஆர்ம தொட்டா செத்தன்னு சொல்றான். ரெண்டு பேரும் அவனவன் வண்டிக்கு சரியாத்தான் சொல்லியிருப்பான், நமக்கு அதுல என்ன லாபம்?

கடைசியில காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப் அங்கிள் கூட நின்னு, மேனுவல் படத்தையும் வச்சுக்கிட்டு கீழ படுத்து பாத்தப்பதான் பிடி கிடைச்சுது. பின்னாடிக்கு ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கற ஆக்சில் குழாய், லோடு தாங்குற லீஃப் ஸ்ப்ரிங் பட்டைக்கு பக்கத்துல, எந்த டயரோ அந்தப் பக்கம். வண்டியோட வந்த ஜாக்கி தலையில ஒரு குழிவு இருக்கே, அது அந்த குழாய்ல உக்காரத்தான். ஏன் சேசிஸ்ல வைக்கக் கூடாதுன்னா வைக்கலாம், ஆனா சேசிஸ தூக்க தூக்க ஸ்ப்ரிங் கீழ தொங்கிக்கிட்டே வரும், ஜாக்கி முழு உயரத்துக்கு போயும் டயர் தரையிலயே நிக்கும், அப்பதான் நம்மாளு ஜாக்கிக்கு மேல மரக்கட்டைய அடுக்க ஆரம்பிப்பான், அது வழுக்குனா கதை முடிஞ்சுது. ஆக்சில தூக்குனா கொஞ்சத்துலயே டயர் மேல வந்துரும். அங்கயும் பாத்து வைக்கணும், பிரேக் பைப்பும் சில வண்டியில ஹேண்ட் பிரேக் கேபிளும் அது மேலயேதான் போகுது, ஸ்ப்ரிங்க ஆக்சிலோட கட்டுற யூ போல்ட்டு மரை நுனியில ஜாக்கி பட்டா மரை போச்சு.

டிஃப்ரன்ஷியல்ல போடுறத பத்தி அந்த அண்ணன் கூட எனக்கு இன்னும் சண்டைதான். வொர்க்‌ஷாப்ல போடுறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா சில வண்டிக்கு அதோட பின் மூடி மெல்லிசு தகடு, நசுங்குனா ஆயில் ஒழுகும், அது போக நடுவுல ஒத்தப் புள்ளியில நிக்கற வண்டி ரெண்டு பக்கமும் ஆடும். ஸ்டாண்ட் இல்லாதவன் அந்தப் பக்கமே போகக் கூடாது. முன்னாடிக்கு எங்க வண்டியில முன் சக்கரத்துக்கு பின்னால சேசிஸோட தட்டையான பகுதி. ஆயில் சம்ப்பு, ஸ்டியரிங் ராடு, அடியில மூடியிருக்கற தகடு இதெல்லாம் எந்த வண்டியா இருந்தாலும் தொடக் கூடாது.

இன்னொண்ணு, இதுல நெறய பேரு ஏமாறுறாங்க. ஆட்டோ கியர் வண்டிய பார்க்கிங்ல போட்டாச்சு, இனி நகராதுன்னு பின் டயர தூக்குவாங்க. பார்க்கிங் கியர் புடிக்கிறது கியர்பாக்ஸ்ல, ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல டிஃப்ரன்ஷியல் இருக்கு, ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்த ஆரம்பிச்சா தரையில இருக்கறதும் உருளும். ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுக்கணும். ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கிட்டா ஹேண்ட் பிரேக்கும் வேலைக்காகாது, அது புடிக்கிறதே அந்த ரெண்ட மட்டும்தான். இதத் தெரியாம மல்டி ஸ்டோரி கார்பார்க் சரிவுல ஜாக்கி போடுறவங்கள பாக்கும்போது எனக்கு வயித்த கலக்குது. எக்ஸ்பிரஸ்வேல பஞ்சர்னா தயவுசெஞ்சு இறங்கி ஜாக்கி தேடாதீங்க, எக்ஸ்பிரஸ்வேய கண்காணிக்கற ஈமாஸோட டோ வண்டி (இழுத்துட்டுப் போற வண்டி) வந்து பக்கத்துல இருக்கற கார்பார்க்குல இலவசமா கொண்டு போய் விடும்.

கட்டுமான சைட்ல எப்படி? 2011-ல வந்த கிரேன் சட்டப்படி கிரேன்ல ஒரு கம்பிக் கட்டு தூக்கணும்னாலும் லிஃப்டிங் பிளான் வேணும், சூப்பர்வைசர், லோட கட்டி மாட்டுற ரிக்கர், சிக்னல்மேன் நிக்கணும், காலையில டூல்பாக்ஸ் மீட்டிங்னு நடக்கற பாதுகாப்பு கூட்டத்துல கழுத்து வலிக்க தலையாட்டணும். நல்லதுதான், வேணும்தான். சாயங்காலம் அதே ரிக்கர் அந்த சைட் கேட்டுக்கு வெளிய கிட்டத்தட்ட 2 டன் வண்டிய, பின்னாடி டூல்ஸ் பெட்டிய கூட இறக்காம, மண்ணுல ஒரு ஜாக்கிய நட்டு தூக்கிட்டு பாதி உடம்ப கீழ விடுறான். யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. ஒரு பிளைவுட் துண்ட ஜாக்கிக்கு அடியில போட்டா மண்ணுல புதையாது, சைட் முழுக்க பிளைவுட்தான் கெடக்குது, சொல்லிக் குடுக்கத்தான் ஆளில்ல.

நான் இப்ப எங்க வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் வாங்கி நாலு இடத்துலயும் அடிச்சு வச்சிட்டேன், ஆக்சில்ல ரெண்டு, சேசிஸ்ல ரெண்டு. எங்க மாடலுக்கு சரிபாத்து அடிச்சது, உங்க வண்டிக்கு உங்க மேனுவல பாத்து அடிங்க. பாஸ் பாத்துட்டு கம்பெனி வண்டிய ஏன் அசிங்கப்படுத்துறன்னு கேட்டாரு. ரெண்டு ஸ்டாண்ட் வாங்கிக் குடுங்க பாஸ், பெயிண்ட அழிச்சிடுறேன்னேன். அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாரு. ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் கீழ போய் பிரேக் பேட் மாத்த மாட்டேன்னு நானும் சொல்லிட்டேன், வேணும்னா அவரு படுத்து மாத்தட்டும், ஜாக்கிய நான் சரியான இடத்துல வச்சுக் குடுக்கறேன்.