சும்மா ஒரு ஒயர் இழுத்து விடு தம்பி

இருபது வருஷமாக வலங்கைமான் பக்கம் ஒயரிங் வேலை பார்க்கிறேன். ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறை என்கிறார் டாக்டர். உப்பு எங்கே காரணம்? இந்த ‘சும்மா’தான் காரணம். சும்மா ஒரு பாயிண்ட், சும்மா ஒரு ஏசி. இப்போது சும்மா ஒரு நீச்சல் குளம்.

நமக்கு வேண்டிய அண்ணன் ஒருவர், சிங்கப்பூரில் இருந்தவர். குடமுருட்டி ஆற்றங்கரையோரம் அப்பா காலத்து வீட்டைப் புதுப்பித்துக் கொல்லையில் ஒரு குளம் கட்டினார். பதினாறடிக்குப் பத்தடி, நாலடி ஆழம். அழகாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு அங்கே டிசம்பரில்தான் பள்ளியில் பெரிய லீவு. டிசம்பர் என்றால் இங்கே மார்கழிப் பனி. பிள்ளைகள் காலை நனைத்தார்கள், ஐயோ சில்லென்றிருக்கிறது என்று மேலே ஏறிவிட்டார்கள். சித்திரையில் வந்திருந்தால் ஹீட்டரே வேண்டாம், குளமே வெந்நீர்தான். லீவு சித்திரையில் இல்லையே.

உடனே ஒரு ஹீட்டர் வந்து இறங்கியது. எனக்கு ஃபோன் எப்போது வந்தது? பணம் கட்டி, பெட்டி வந்து, பெட்டியைப் பிரித்த பிறகு. வாங்குவதற்கு முன்னால் ஒரு மனிதராவது ஒயர்மேனிடம் கேட்டதுண்டா? “வீட்டு கரண்டிலேயே ஓடும்னு கடைக்காரன் சொன்னான் தம்பி.” அவன் சொல்லுவான். அவனா வந்து ஃப்யூஸ் போடப் போகிறான்?

ஹீட்டரின் இடுப்பில் ஸ்டிக்கர் இருக்கிறது: 11 கிலோவாட், மூன்று ஃபேஸ், 400 வோல்ட். அதாவது உள்ளே ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று சூடேற்றும் காயில். அண்ணன் வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் தானே விழுகிற சுவிட்ச். “மூணு காயிலையும் சேர்த்து ஒரே ஃபேஸ்ல குடுத்துடேன்” என்கிறார். கொடுத்தால் 48 ஆம்பியர் இழுக்கும் அண்ணே. இது போக ஃப்ரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அதே இரண்டு கம்பியில். மேட்டூரில் திறந்த தண்ணீரை மொத்தமாக உங்கள் வயல் வாய்க்காலில் விட்டால் கரை நிற்குமா என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே!

குளத்துக்குக் கேபிள் எங்கே என்றால், கொத்தனார் புதைத்த பைப்பைக் காட்டுகிறார். உள்ளே தோட்டத்து விளக்குக்கு இழுத்த ஒன்றரை ஸ்கொயர் (ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்) ஒயர். போர்டிலிருந்து 35 மீட்டர். போக வர 70. அதில் 48 ஆம்பியர் போனால் ஒயரிலேயே 40 வோல்ட் தொலைந்துவிடும். ஏறக்குறைய இரண்டு கிலோவாட் அந்த பைப்புக்குள் சூடாகும். குளம் வெதுவெதுப்பாகும் முன்னே கொல்லை மண் வெந்துவிடும். இன்சுலேஷன் அதற்கு முன்னாலேயே உருகிவிடும், அது வேறு. ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம். இங்கே குளத்துக்கு டைல்ஸ் வெளியூரிலிருந்து வரும், கேபிளுக்கு மட்டும் “அவ்வளவா ஆகும்?”

சரி, ஒரே ஒரு காயிலை மட்டும் ஓட்டலாம் என்று இறங்கி வந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். குளத்தில் சுமார் 18,000 லிட்டர். ஒரு டிகிரி ஏற்றவே 21 யூனிட் வேண்டும். 24 டிகிரியை 30 ஆக்க 126 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தருகிற நூறு யூனிட், பிள்ளைகள் ஒரு முறை குதிப்பதற்கே போதாது! ஒரு காயிலுக்கு இது 34 மணி நேர வேலை, அதுவும் சொட்டுச் சூடு வெளியே போகாமல் இருந்தால். மழை ஒரு வாரம் விட்டு, வயல் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் மாலையில் வருவது 230 இல்லை, 180 வோல்ட். வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் சூடும் கால்வாசிதான் குறையும் என்று நினைக்காதீர்கள். அது இரண்டு மடங்கு வேகத்தில் விழும். 180 வோல்ட்டில் மூன்றரைக்கு மேல் இருந்த கிலோவாட் இரண்டேகாலாகிவிடும்.

மூன்று ஃபேஸுக்கு எழுதிக் கொடுங்கள், லோடைக் கூட்டி வாங்குங்கள், தடித்த கேபிள் போடுகிறேன் என்றேன். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கம் ஒரு ஃபேஸ் போவது புதுசா? பம்ப் இருக்கும் ஃபேஸ் செத்து, மீதி இரண்டில் ஹீட்டர் ஓடினால், ஓட்டமில்லாத தண்ணீரில் காயில் கருகும். அதற்காகத்தான் தண்ணீர் ஓடினால் மட்டும் கரண்ட் விடுகிற ஃப்ளோ சுவிட்ச். அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

எனக்கு உண்மையில் கொதிப்பது ட்ரிப்பர் விஷயத்தில். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே பட்டென்று விழுகிற ஆர்சிசிபி போடாமல் குளத்துப் பக்கம் கம்பி கொண்டு போக மாட்டேன் என்றேன். “அது அடிக்கடி விழுமே தம்பி, வேண்டாம்.” அது விழாவிட்டால் யார் விழுவார்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஈர உடம்போடு சின்னப் பிள்ளைகள் இறங்குகிற தண்ணீர்! எர்த் குழியைப் பார்த்தேன். இரண்டடிக் கம்பி ஒன்றைச் செங்கல் பக்கத்தில் செருகி, மேலே துளசி மாடம் கட்டியிருக்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. முதலில் குளத்தை மூடுங்கள். மேலே 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போனாலே 75 லிட்டர், அது தூக்கிக்கொண்டு போகும் சூடு 50 யூனிட். ஒரு தார்ப்பாய் அதை மிச்சம் பிடிக்கும். அப்புறம், நம் ஊர்க் காற்றுக்கு ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடும், ஒரு யூனிட்டுக்கு நாலு யூனிட் சூடு. சொன்னேன். வாங்கியதைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், அதனால் இதையே ஓட்டியாக வேண்டுமாம்.

நான் முடியாது என்று வந்துவிட்டேன். போன வாரம் வேறு ஒரு பையன் வந்து “ஈசியா” போட்டுக் கொடுத்துவிட்டானாம். 32-ஐக் கழற்றி 63 போட்டிருக்கிறானாம். ஒயர்? அதே ஒன்றரை.

இப்போது அந்தத் தெருவிலிருந்து அக்கா ஒருவர் ஃபோன் பண்ணுகிறார். “ஏழு மணியானா லைட்டெல்லாம் மங்குது தம்பி, ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரேன், சும்மாதான்.”

டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் பையில் இருக்கிறது. கிளம்புகிறேன். முதலில் போவது அக்கா வீட்டுக்கு இல்லை.