ஸ்மார்ட்டி ஜோன்ஸ் எந்த இடத்தில் தோற்றது?

"ஓட்டின ஜாக்கி அவசரப்பட்டுட்டான்." "குதிரைக்குக் கடைசியில நெஞ்சுரம் இல்லை." 2004 பெல்மான்ட் ஸ்டேக்ஸ் குதிரைப் பந்தயத்தில் ஸ்மார்ட்டி ஜோன்ஸ் தோற்றதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் நியூஜெர்சியில் இருந்தேன். ஜூன் 5, சனிக்கிழமை மாலை. ஸ்மார்ட்டி ஜோன்ஸ் எங்களுக்கு அடுத்த ஊரான பிலடெல்பியா பக்கத்துக் குதிரை. முந்தின வருஷம் கோடையில், முதல் ரேஸ்கூட ஓடாத குட்டியாக இருக்கும்போதே, ஸ்டார்ட்டிங் கேட்டின் இரும்புக் கம்பியில் தலையை மோதி மண்டையோடு விரிசல் விட்டு, இடது கண் போய்விடும் என்ற நிலையிலிருந்து பிழைத்து வந்தது. அதற்குப் பிறகு எட்டு ரேஸ், எட்டும் ஜெயம். அந்த எட்டில் கென்டக்கி டெர்பியையும் ஜெயித்து, இரண்டு வாரத்தில் ப்ரீக்னெஸ் ரேஸை பதினொன்றரை லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் எடுத்தது. மூன்றாவதாக பெல்மான்ட்டையும் ஜெயித்தால் ட்ரிபிள் க்ரௌன். 1978-இல் அஃபர்ம்டு என்ற குதிரைக்குப் பிறகு அதுவரை எந்தக் குதிரைக்கும் வாய்க்காதது. நியூயார்க் பெல்மான்ட் பார்க்கில் அன்று கூடியவர்கள் 1,20,139 பேர்.

அன்று ஸ்மார்ட்டி ஜோன்ஸ்தான் ஃபேவரிட். ஆனால் ஃபேவரிட் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. அமெரிக்க ரேஸில் அதை எந்த நிபுணர் குழுவும் தீர்மானிப்பதில்லை. எந்தக் குதிரைமேல் ஜனங்கள் அதிகப் பணம் கட்டுகிறார்களோ அதுதான் ஃபேவரிட். ஜனங்கள் எதைப் பார்த்துக் கட்டுவார்கள்? அதுவரை ஓடியதைப் பார்த்துத்தான். டெர்பி ஒன்றேகால் மைல், ப்ரீக்னெஸ் அதைவிடவும் குறைவு. அன்றைய பெல்மான்ட்டோ ஒன்றரை மைல், அதாவது சுமார் 2,400 மீட்டர். மூன்று வயதுக் குதிரைகளில் அநேகமாக எதுவும் அதற்கு முன் அந்தத் தூரம் ஓடியிருக்காது. ஆக, ஓடிப் பார்க்காத தூரத்துக்கு, ஓடிய தூரத்தை வைத்துப் பணம் கட்டுகிறோம். வேகம் வேறு, தம் வேறு.

ஸ்மார்ட்டி ஜோன்ஸின் வம்சத்தைப் பாருங்கள். அப்பன் எலூசிவ் குவாலிட்டி புல்தரையில் ஒரு மைலுக்கு உலக சாதனை வைத்த குதிரை. தாய்வழித் தாத்தா ஸ்மைல், ப்ரீடர்ஸ் கப் ஸ்ப்ரின்ட் என்ற குறுந்தூர ரேஸை ஜெயித்தது. இரண்டு பக்கமும் குறுந்தூர வேகம். இது சும்மா குலப்பெருமைப் பேச்சு இல்லை. டப்ளினில் எம்மலின் ஹில் என்ற ஆய்வாளரின் குழு, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவுக்கும் ஒரு குதிரைக்கு ஒத்துவரும் தூரத்துக்கும் உள்ள தொடர்பை 2010-இல் வெளியிட்டது. அந்த வம்சத்தை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மைல் டெர்பியை ஜெயித்ததே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இனி அந்த ரேஸ். அப்போது பெல்மான்ட் பார்க்கின் ஒரு சுற்றே ஒன்றரை மைல். ஜனங்களுக்கு முன்னால் கிளம்பி, முழு வட்டம் அடித்து, அதே இடத்துக்கு வந்து முடிக்க வேண்டியிருந்தது. முதல் அரை மைல் 48 விநாடிக்கு மேல் ஆனது, நிதானமான ஓட்டம். அப்படியே போயிருந்தால் கதை வேறு. ஆனால் எதிர்ப்பக்கம் திரும்பியதும் ராக் ஹார்ட் டென், எடிங்டன் என்ற இரண்டு குதிரைகளும் ஸ்மார்ட்டி ஜோன்ஸை நெருக்க ஆரம்பித்தன. அடுத்த அரை மைல் 47 விநாடிக்குள் முடிந்துவிட்டது! இன்னும் அரை மைல் பாக்கி இருக்கும்போது ஓடுகிற ஓட்டமா அது?

வீடியோவில் அந்த இடத்தை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஜாக்கி ஸ்டூவர்ட் எலியட் பின்னுக்குச் சாய்ந்து கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். குதிரை கழுத்தை நீட்டி அதை எதிர்த்து இழுக்கிறது. பக்கத்தில் இன்னொரு குதிரையின் மூச்சு கேட்கும்போது அடங்குகிற சுபாவம் அதற்கு இல்லை. அந்த சுபாவம்தான் முந்தைய எட்டையும் ஜெயித்துக் கொடுத்தது.

குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு எட்டு எடுத்துவைத்தால் ஒரு மூச்சு என்று உடம்பே பூட்டிவிடும், நம்மைப் போல நடுவில் கூடுதலாக ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வழியில்லை. காற்று போதாத வேகத்தில் தசை தன் கையிருப்பை எரிக்கும். அந்தக் கையிருப்பை நடுவில் செலவழித்துவிட்டால் கடைசியில் சாட்டை அடித்தும் வராது. கடைசி வளைவு தாண்டி வரும்போது ஸ்மார்ட்டி ஜோன்ஸ் நன்றாகவே முன்னால் இருந்தது, கூட்டம் கத்தியது. ஆனால் காலை எட்டி வைப்பது குறுகிவிட்டது. கடைசி கால் மைலுக்கு ஏறக்குறைய 27 விநாடி.

எட்கர் ப்ராடோ ஓட்டிய பேர்ட்ஸ்டோன் அதுவரை பின்னால், யாரோடும் மல்லுக்கு நிற்காமல் வந்தது. டெர்பியில் எட்டாவதாக வந்து, ப்ரீக்னெஸைத் தவிர்த்து ஐந்து வாரம் இளைப்பாறிய குதிரை. ஒரு லெங்த்தில் ஜெயித்தது. அதன்மேல் 2 டாலர் கட்டியவர்களுக்கு 74 டாலர் கிடைத்தது. ஜெயித்த குதிரையின் சொந்தக்காரர் மேரிலூ விட்னியே ரேஸ் முடிந்ததும் வருத்தம் தெரிவித்தார். அப்படி ஒரு அமைதி அன்று அந்த மைதானத்தில்.

நெருக்கியவர்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஃபேவரிட்டை இஷ்டத்துக்கு ஓடவிட்டால் யாரும் ஜெயிக்க முடியாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபேவரிட்டாக இருப்பதன் விலையே அதுதான், மற்ற எட்டுப் பேரும் உன்னை மனதில் வைத்துத்தான் ஓட்டுவார்கள்.

1973-இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை பெல்மான்ட்டில் இதே தூரத்தை ஆரம்பத்திலிருந்தே அசுர வேகத்தில் ஓடி, 31 லெங்த்தில், 2 நிமிடம் 24 விநாடியில் முடித்ததே என்று கேட்பீர்கள். ஆமாம். அன்று அதோடு சரிக்குச் சரி ஓடிய ஷாம் என்ன ஆனது தெரியுமா? கடைசியாக வந்தது. ஷாம் சாதாரணக் குதிரை இல்லை, டெர்பியிலும் ப்ரீக்னெஸிலும் இரண்டாவது. செக்ரட்டேரியட்டை அளவுகோலாக வைத்தால் உலகத்தில் எல்லாக் குதிரையும் தோற்ற குதிரைதான்.

நெஞ்சுரம் இல்லை என்கிறவர்கள் ஒன்றைப் பார்க்கட்டும். நெருக்கிய இரண்டும் நாலாவது, ஐந்தாவது. மூன்றாவதாக வந்த ராயல் அசால்ட், ஸ்மார்ட்டி ஜோன்ஸுக்கு எட்டு லெங்த் பின்னால். நடு ஓட்டத்தில் அத்தனையும் கொடுத்துவிட்டு, தன் வம்சத்துக்கே ஒத்துவராத தூரத்தில், ஒரே ஒரு குதிரையைத் தவிர எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேர்ந்தது. எலும்பில் அடி கண்டுபிடித்து அந்த ஆகஸ்டிலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்பது ரேஸ், எட்டு ஜெயம். ஒன்றரை மைலை அது இன்னொரு முறை ஓடவே இல்லை.