மதியம் இரண்டரைக்குத் திடலில் என்ன வேலை?

போன புதன்கிழமை என் அக்கா மகன் பள்ளித் திடலில் மயங்கி விழுந்தான். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். மஞ்சள் இல்லம், அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஆள். புறப்பாட (விளையாட்டு, சங்க நடவடிக்கை) நாள் என்பதால் சாப்பிட்ட கையோடு இரண்டரை மணிக்குப் பயிற்சி. நிழலில் படுக்கவைத்து முகத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றியதும் தெளிந்துவிட்டான். ராத்திரி என்னிடம் சொன்னான்: "மாமா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு சார்கிட்ட சொன்னேன். நடிக்காதடா, இன்னும் ஒரு ரவுண்டுதான்னாரு."

அவரைத் திட்ட இதை எழுதவில்லை. சனிக்கிழமையும் சொந்த பெட்ரோல் போட்டு வந்து பிள்ளைகளை ஓடவைக்கிற மனிதர். ஆனால் அந்த 'நடிக்காதடா' நம் எல்லார் வாயிலும் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன்.

"35 டிகிரி தாண்டவில்லையே, எச்சரிக்கை எதுவும் வரவில்லையே" என்று பள்ளியில் சொன்னார்களாம். மலேசிய வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கைக் கணக்கு எனக்கும் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35 முதல் 37 வரை இருந்தால் முதல் கட்டம், 37 தாண்டினால் இரண்டாம் கட்டம். கெடாக்காரர்களுக்கு இது புதிதா? 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் நம் மாநிலத்தின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே மூடினார்களே. ஆனால் அந்த 35 என்பது வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. மரமில்லாத திடலில், நேர் வெயிலில் ஓடுகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; இங்கே அது சட்டையை நனைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

அம்மா கோல கெட்டில் பக்கம் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலையில் விளக்கு, வெயில் ஏறுவதற்குள் கடைசி மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்காக வெள்ளைக்காரன் வைத்த நேரம்தான், ஆள்மேல் இரக்கப்பட்டு வைத்ததில்லை. அந்த மரத்துக்குக் கிடைத்த காலை நேரம் அதே தோட்டத்துப் பேரப்பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை? ஏழரைக்குப் பயிற்சி வைத்தால் பாடம் கெடுமாம். வாரம் ஒரு நாள் பாடத்தை மதியத்துக்கு மாற்றுங்களேன், வகுப்பில் காற்றாடியாவது சுற்றுகிறது.

நீண்ட விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்திலேயே முழு ஓட்டம் வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து, பதினான்கு நாளாகும். திடலோரம் இரண்டு தொட்டி ஐஸ் தண்ணீர் இருக்கட்டும். பிள்ளை சம்பந்தமில்லாமல் உளறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. வேர்வை கொட்டுகிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஓடி விழுகிற பிள்ளைக்கு அப்போதும் வேர்க்கும். ஒருவர் ஆம்புலன்சுக்கு 999-ஐ அழைக்கும்போதே மற்றவர்கள் அந்த ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர வைக்கத் தொடங்கிவிட வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கிற நிமிடங்கள்தான் மோசம். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நேரமாற்றத்தைக் கேட்கப்போகிறேன். நம் பெற்றோர் நாலு பேர் கூட வந்தால் நல்லது. அக்கா மகனுக்கோ வேறு கவலை. தன் இடத்தில் வேறு பையனைப் போட்டுவிடுவார்களோ என்று தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.