படித்துப் பார்க்க நேரம் கொடுங்கள்

மாநகராட்சி மன்றக் கூட்டத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், யார் வெளிநடப்புச் செய்தார், யார் யாரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செய்தியும் பெரும்பாலும் அவ்வளவுதான் வருகிறது. அந்தக் கூச்சல் அடங்கிய பிறகு, எல்லோரும் எழுந்து போகத் தயாராகும் நேரத்தில், பத்துப் பதினைந்து பொருள்கள் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டும் வாசிக்கப்படாமலும் 'நிறைவேற்றப்பட்டன' என்று பதிவாவதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு நகரத்தின் குடிநீர், குப்பை, தெரு, திறந்தவெளி, வரி, கடன் எல்லாம் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான் முடிவாகின்றன. ஒரு மன்றம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே எவ்வளவு காரசாரமாகப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பயனில்லை. தீர்மானத்தின் நகல் உறுப்பினரின் கைக்கு வந்த நேரத்துக்கும் அதன்மீது அவர் வாக்களித்த நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மன்றத்தின் முன் வரும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பொருள் எண், துறையின் பெயர். கீழே, முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு நீளும் அலுவலகக் குறிப்பு. மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தப்புள்ளி கோரிய நாள், நிலைக்குழுவின் பரிந்துரை. முடிவில், மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது என்று ஒரு வரி. ஒரே ஒருவர்தான் ஒப்பந்தப்புள்ளி கொடுத்தாரா, கொடுத்த விலை மதிப்பீட்டைவிட எத்தனை விழுக்காடு கூடுதல், வேலை முடிந்த பிறகு எத்தனை ஆண்டு பராமரிக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரருக்கு உண்டு, தாமதமானால் தண்டத்தொகை உண்டா என்ற கேள்விகளுக்கான பதில்கள் இணைப்பில் இருக்கும். அந்த இணைப்பு பல நேரங்களில் உறுப்பினரின் கைக்கே வருவதில்லை. இன்னும் மோசமானவை பின்னேற்புக்காக வரும் பொருள்கள். வேலை தொடங்கி, முன்பணம் கொடுத்து, சாலையைத் தோண்டிய பிறகு மன்றத்தின் ஒப்புதலைக் கேட்பார்கள். மறுத்தால் பாதிப் பள்ளத்தோடு சாலை கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், மறுப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லாமல் போகிறது.

அவசரத்தில் கை தூக்கினால் ஒரு நகரம் எவ்வளவு இழக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்நகரின் தெருவோரங்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் ஏறத்தாழ 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்புக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்தை, 2008 டிசம்பர் தொடக்கத்தில் மேயர் அறிவித்தார். சில நாள்கூடப் பொறுக்காமல், அதே வாரத்தில் 50 உறுப்பினர்களைக் கொண்ட மன்றம் 40-க்கு 5 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. கிடைத்த தொகை ஏறத்தாழ 115 கோடி டாலர். வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளம் விழுந்திருந்த நேரத்தில் அது பெரிய தொகையாகத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டே நகரின் தலைமை ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த மீட்டர்களின் மதிப்பு 213 கோடி டாலர் என்றும், நகரம் ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாகப் பெற்றுக்கொண்டது என்றும் அறிக்கை கொடுத்தார். வாங்கிய பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது. பணம் போட்டவர்களோ பதினைந்து ஆண்டுகளுக்குள் தாங்கள் போட்ட முதலீட்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். குத்தகைக் காலம் இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக மீதம் இருக்கிறது.

என்னை உலுக்குவது பணத்தின் அளவு மட்டும் அல்ல. அந்த ஒப்பந்தத்தின்படி, பேருந்துக்கோ மிதிவண்டிக்கோ தனித்தடம் போட, நடைபாதையை அகலப்படுத்த, விழாவுக்காகத் தெருவை மூட, நகரம் சில மீட்டர்களை நீக்கினால் அதனால் குறையும் வருவாய்க்குக் கூட்டமைப்புக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. தன் தெருவை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையையே, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படும் ஒரு மன்றம், இன்னும் பிறக்காத வாக்காளர்களின் சார்பிலும் எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த வாரத்தில் வாக்களித்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணங்களை அவ்வளவு குறுகிய நேரத்தில் படித்து, எண்களைச் சரிபார்த்து, வெளியாள் ஒருவரிடம் கருத்துக் கேட்பது எவராலும் முடியாத காரியம். முடியாது என்று தெரிந்தே அந்தக் கால அளவு கொடுக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம்.

உறுப்பினர்களின் தரப்பிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் வார்டில் தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் பொங்குகிறது என்று ஓர் உறுப்பினர் எழுந்து பேசுவதைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மக்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு வழியில் காரியம் நடக்காததால்தான் மன்றத்தில் பேசுகிறார். ஆனால் கூட்டத்தின் நேரம் முழுவதும் வார்டுக் குறைகளிலேயே கரைந்துவிடும்போது, எல்லா வார்டுகளுக்கும் பொதுவான பொருள்களுக்கு, அதாவது வரி விகிதம், நீண்டகாலக் கடன், குப்பை அகற்றும் ஒப்பந்தம், நிலப் பயன்பாட்டு மாற்றம் போன்றவற்றுக்குக் கேட்பார் இல்லாமல் போகிறது. குறைகளுக்குத் தனி நாளும், கேட்டுக்கொண்ட அதிகாரி பதில் தர வேண்டிய கெடுவும் இருந்தால், மன்றக் கூட்டத்தின் நேரம் மன்றத்தின் வேலைக்குக் கிடைக்கும்.

சட்டம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கலிபோர்னியாவைப் பார்க்க வேண்டும். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1953-இலேயே வந்துவிட்டது. வழக்கமான கூட்டத்தின் பொருள் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே மாநிலத்தில்தான் பெல் என்ற சிறிய, எளிய மக்கள் வாழும் நகரத்தில், நிர்வாக மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,87,000 டாலர் ஊதியம் பெற்று வந்தது 2010-இல் வெளியே வந்தது. பகுதி நேர வேலையான மன்ற உறுப்பினர் பதவிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு நெருக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் துணை வாரியக் கூட்டங்களின் பெயரில் அந்த ஊதியம் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இதற்கு வழி திறந்த நகர சாசனம், அதாவது நகரத்தின் அடிப்படை விதித்தொகுப்பு, 2005-இல் 400-க்கும் குறைவான வாக்குகள் பதிவான ஒரு சிறப்புத் தேர்தலில் நிறைவேறியது. பொருள் நிரலை ஒட்டியிருந்தாலும், அதைப் போய்ப் படிக்கும் ஆள் இல்லாவிட்டால் அது சுவரில் இருக்கும் காகிதம்தான். கடைசியில் இந்த ஊதிய முறைகேட்டைத் தோண்டி எடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்தியாளர்கள். உள்ளூர்ச் செய்தியாளர்கள் மன்றக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்ட காலத்தில் வாழும் நாம் இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது.

இப்படி ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும், மன்றமே தாமதத்துக்குக் காரணம், நல்ல அதிகாரி ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிளின்ட் நகரில் அதைத்தான் செய்தார்கள். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மன்றத்தின் அதிகாரத்தை மாநில அரசு நியமித்த நெருக்கடிகால மேலாளரிடம் கொடுத்தார்கள். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில், டெட்ராய்ட் நகரிலிருந்து குடிநீர் வாங்குவதை விட்டு, பிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் கலந்தது. நிறம் மாறிய தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து மக்கள் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். 2015 மார்ச்சில் மன்றம் 7-க்கு 1 என்ற வாக்குகளில், பழையபடி டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை, மேலாளர் ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில்தான் நகரம் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. நடுவில் போன மாதங்களில் குழந்தைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மன்றம் மெதுவாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று மக்கள் சொன்னதை அங்கே காது கொடுத்துக் கேட்ட அமைப்பு அதுதான்.

உண்மையான அவசரங்கள் உண்டு. வெள்ளம் வந்தால், பிரதானக் குழாய் உடைந்தால், கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது; அதற்கான அதிகாரம் மேயருக்கும் ஆணையருக்கும் இருக்கட்டும். பிறகு மன்றத்தின் முன் வரும்போது, ஏன் காத்திருக்க முடியவில்லை என்ற காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகை, கடன், பல ஆண்டு ஒப்பந்தம் ஆகியவற்றில் எதுவும் வெள்ளம் போல வருவதில்லை. அவற்றின் கோப்புகள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் மன்றத்துக்கு வருகின்றன. கடைசி நாளில் மட்டும் அவசரம் பிறக்கிறது.

ஆகையால், பொருள் நிரலும் அதன் இணைப்புகள் முழுவதும் குறைந்தது ஏழு நாள் முன்பாக உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு மன்றத்தின் பதவிக்காலத்தைத் தாண்டி நகரத்தைக் கட்டிப்போடும் எந்த ஒப்பந்தமும் ஒரே கூட்டத்தில் நிறைவேறக் கூடாது. ஒரு கூட்டத்தில் விவாதித்து, அடுத்த கூட்டத்தில் வாக்கெடுக்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு குரல் வாக்கெடுப்பாக இல்லாமல், உறுப்பினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் வரவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க நினைக்கும் ஒருவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது.