ஹாரன் அடித்தால் பொறுப்பு போய்விடாது

"வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடித்துவிட்டால் போதும், பைக் வந்து மோதினால் பைக்காரர் மேல்தான் தப்பு" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணே.

யாருக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ வராது என்று உறுதி செய்துகொண்டுதான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்பது சட்ட விதி. ஹாரன் அந்தக் கடமையை இறக்கி வைக்காது. 'பின்னால் வந்து மோதியவர்தான் பொறுப்பு' என்பது பொதுவாக ஒரே திசையில் முன்னும் பின்னுமாகப் போகும் வண்டிகளுக்குப் பொருந்தும் பேச்சு. பைக் தாறுமாறான வேகத்தில் வந்தது நிரூபணமானால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பொறுப்பைப் பங்கு பிரிக்கலாம். அதனால் கார்க்காரர் தானாக விடுபட்டுவிடுவதில்லை.

நம்ம டெல்டாவில் இது இன்னும் முக்கியம். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் வாய்க்கால் மேல் போட்ட சிறு பாலத்தைத் தாண்டினால் உடனே ரோடு. அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும். பைக்குகள் மீதிப் பாதியில், வீட்டு வாசலை ஒட்டித்தான் வரும். வைக்கோல் போர் மறைத்தால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம்தான். ஆனால் அது நேர் பின்னால் கொஞ்ச தூரத்தைத்தான் பார்க்கும், குறுக்கே வேகமாக வரும் பைக்குக்கு நேரத்தோடு கத்தாது. தவழும் குழந்தையையும் அதை நம்பி விட முடியாது, தயவுசெய்து இறங்கி ஒருமுறை பாருங்கள்.

முடிந்தவரை வீட்டுக்கு வரும்போதே, ரோட்டில் ஒருவரை நிறுத்திக் கைகாட்டச் சொல்லி, ரிவர்ஸில் உள்ளே விடுங்கள். காலையில் முகப்பை முன்னால் வைத்து வெளியே வரலாம்.